வேலைநிறுத்தமும் வேலைநீக்கமும்

திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஏறத்தாழ 1,500 பேர் 2024 செப்டம்பர் 9-ஆம் நாள் தொடங்கி 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தாங்கள் அமைத்த சங்கத்தை நிர்வாகம் ஏற்க வேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. வேலை செய்யாத நாட்களுக்கு ஊதியமில்லை என்றது நிர்வாகம். திரும்பாதவர் வேலையையே இழக்கலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஊதிய இழப்பு நமக்கு விளங்குகிறது. வேலையையே பறிப்பது நேர்மையாகுமா? வேலைநிறுத்தம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறாததாக இருந்தால் விடை மாறிவிடுமா?

இக்கேள்வி இனி அடிக்கடி எழும். முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே வேலைநிறுத்த முன்னறிவிப்புக் கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, எல்லாத் தொழிலகங்களுக்கும் 14 நாள் முன்னறிவிப்பை விதிக்கிறது. இவ்விதியை வெறும் சடங்கென்று நாம் தள்ளிவிட மாட்டோம். பெரிய ஆலை திடீரென நின்றால், ஒரகடத்தில் கடன் வாங்கிப் பட்டறை நடத்தி உதிரிப்பாகம் செய்து கொடுப்பவரும், அவரிடம் நாட்கூலிக்கு நிற்பவரும் முதலில் அடிபடுவர்.

எனினும் விதியை மீறியது ஒரு குற்றம். அதற்குரிய தண்டனை வேறு கேள்வி. குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில், சட்டவிரோத வேலைநிறுத்தத்திற்காக 800-க்கும் மேற்பட்டோர் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டிருந்தனர். 1979-இல் நீதியரசர் கிருஷ்ண ஐயர் அளித்த பெரும்பான்மைத் தீர்ப்பு, கலந்துகொண்டது மட்டுமே நீக்கத்திற்குப் போதாது, ஒவ்வொருவரும் செய்தது என்ன என்பது காட்டப்பட வேண்டும் என்றது. இயந்திரத்தை உடைத்தவரும் வாயிலில் அமைதியாக அமர்ந்திருந்தவரும் ஒருவரல்லர்.

நம் மாநிலமே 2003 ஜூலையில் இதற்கு நேர்மாறானதைக் கண்டது. ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியரும் ஆசிரியரும் விசாரணையின்றி நீக்கப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைநிறுத்தம் செய்ய அவர்களுக்கு அறநெறி உரிமைகூட இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்த பெரும்பாலோர் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டனர். அந்த மன்னிப்புக் கடிதங்கள் இன்றும் நம்மை உறுத்துகின்றன. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் குருக்களுக்குத் தெரியும்: மனத்துயர் உள்ளிருந்து வரவேண்டும். அடுப்பெரிய வேண்டுமே என்ற அச்சத்தில் ஒருவர் கையெழுத்திடுவது மனத்துயராகாது. தவறு செய்ததாக எண்ணாதவரைத் தவறு செய்தேன் என்று எழுதவைப்பதில் ஒரு பொய்யும் கலந்துவிடுகிறது.

1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், வேலைநிறுத்தத்திற்கான காரணங்களை முன்கூட்டியே களைவதே நன்று எனக் கற்பித்தார். 1981-இல் மனித உழைப்புப் பற்றிய சுற்றுமடலில் இரண்டாம் அருள் சின்னப்பர் இன்னும் தெளிவாகப் பேசினார். வேலைநிறுத்தம் இறுதி வழியே; அதைத் தவறாகப் பயன்படுத்தலாகாது; இன்றியமையாச் சேவைகள் நிற்கலாகாது. ஆனால், முறையான வரம்புக்குள் அதில் பங்கேற்றதற்காக எவரும் தனிப்பட்ட தண்டனைக்கு ஆளாகக் கூடாது என்பதும் அவர் போதனை.

சிலரை மட்டும் நீக்கினால் மற்றவர் அடங்குவர் என்பார் உண்டு. 1,500 பேர் சேர்ந்து செய்ததற்கு மூவரைத் தேர்ந்தெடுத்தால், அவர்கள் செய்த செயலுக்கா தண்டனை, மற்றவர் அஞ்சவேண்டும் என்பதற்கா? ஒருவனைக் கொடுத்துப் பலரைக் காக்கும் கணக்கைக் கயபாவும் போட்டவரே.

சாம்சங் வேலைநிறுத்தம் 2024 அக்டோபரில் முடிந்தபோது, அதில் பங்கேற்றதற்காக எவரும் பழிவாங்கப்படமாட்டார் என்பதும் உடன்பாட்டில் இடம்பெற்றது. 2025 பிப்ரவரியில் சங்கப் பொறுப்பாளர் மூவர் இடைநீக்கம் செய்யப்பட, ஆலைக்குள்ளேயே உள்ளிருப்புப் போராட்டம் மூண்டது.

ஆணையில் கையெழுத்திடும் மேலாளரும் அதைப் பெறும் இளைஞரும் ஒரே ஞாயிறு திருப்பலிக்கு வருவது நம் பங்குகளில் புதிதன்று. அம்மேலாளர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தால், "வேலைக்கு வரவில்லை" என்பதற்கு மேல் அந்த இளைஞரைப் பற்றி அத்தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே முதலில் கேட்போம்.