மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டில் 2022இல் தொல்லியல் துறையினர் மண்ணை அடுக்கடுக்காக வெட்டியபோது கற்காலக் கருவிகள் வரை கிடைத்தன. அதே சுற்றுவட்டாரத்தில் எழுபது தாண்டிய ஒருவரின் மாத்திரைப் பையையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். எந்த மாத்திரை எப்போது, எதற்காகச் சேர்ந்தது என்று பைக்காரருக்கே தெரியாது.

பைக்குள் மருந்து வர மூன்று வாசல். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மகனுக்குக் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. இருந்தால், அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அங்கே வைத்தியம் உண்டு. மூன்றாவது, தனியார் கிளினிக்கும் தெருமுனை மெடிக்கலும். மூன்றும் நல்லதற்குத்தான். ஆனால் மூன்றையும் ஒன்றாகக் கொட்டி எண்ணுவதற்குத்தான் ஆள் இல்லை. அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை இரண்டு அட்டைகளில் இரண்டு பெயரோடு இருக்கும்; காலையில் இரண்டுமே உள்ளே போகும்.

ஓர் ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது. சிலருக்கு அப்படி ஆகும். வீக்கத்தைப் பார்த்த இன்னொரு டாக்டர், நீர் பிரிய மாத்திரை எழுதுகிறார். இரவில் மூன்று முறை எழ வேண்டியிருக்கிறது. சட்டென்று எழுந்ததும் பிரஷர் இறங்கிக் கண் இருட்டுகிறது. “கிறுகிறுன்னு வருதுப்பா” என்கிறார், அதற்கு சின்னாரிசின். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் வயதானவர்களில் சிலருக்குப் பார்க்கின்சன் நோய்போல உடம்பு இறுகி, காலைத் தேய்த்து நடக்க நேரும். தூக்கம் போனதற்கு அல்பிரசோலம். ஒரு விடியற்காலை பாத்ரூம் ஈரத்தில் இடுப்பெலும்பு முறிகிறது. “வயசாயிடுச்சு, வழுக்கிடுச்சு” என்று முடித்துவிடுவார்கள்.

நம்மூரில் பிரஷரை உட்காரவைத்தே பார்க்கிறோம். எழுந்ததும் அது இறங்குவது இதில் தெரியாது. படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் ஆபத்து. ஐந்து, பத்து நிமிட வேலை, கேட்டு வாங்குங்கள். விழவைப்பது பிரஷர் மட்டுமல்ல. சுகருக்கு கிளிபென்கிளமைடு சாப்பிடும் பெரியவர் ராத்திரிச் சோற்றைத் தவிர்த்தால் நடுநிசியில் சர்க்கரை தாழ்ந்து தள்ளாடலாம். 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் தொடங்கிவைத்த, முதியோருக்கு ஆகாத மருந்துகளின் பட்டியலில் இன்று அதுவும் இருக்கிறது.

மருந்தைக் குறைத்தால் பலன் உண்டா? நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஆய்வில், 93 முதியவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்க, மனநல மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அவர்கள் விழுவது 66 சதவீதம் குறைந்தது. ஆய்வு முடிந்த ஒரே மாதத்தில் அவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் பழைய மாத்திரைக்கே திரும்பினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மருந்தைக் குறைப்பது மட்டும் போதும் என்று பிந்தைய ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. காலுக்கு வலுவும் சமநிலையும் தரும் பயிற்சியும் வேண்டும்.

பையை யாரிடம் காட்டுவது? சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோர் பிரிவைத் தொடங்கியது 1978இல். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. வழி இருக்கிறது.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். அல்பிரசோலத்தைத் திடீரென விட்டால் வலிப்பு வரலாம். சில பிரஷர் மாத்திரைகளை விட்டால் நெஞ்சுவலி. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சீட்டோடு பையையும் எடுத்துப் போங்கள், சளி மாத்திரை, லேகியம் உட்பட. விழுந்திருந்தால், உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: “போன மாசம் கீழே விழுந்தேன்.”