கால் மைல்

மனிதன் தன் ஓய்வு நேரத்தை எப்படிச் செலவழித்தால் என்ன, அது அவன் இஷ்டம் என்று நாம் வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த ஓய்வு நேரம் முழுவதும் அவனுக்கே சொந்தம்தானா என்று விசாரிப்பதில்லை. எனக்கும் வெகு காலம் வரை இந்த விசாரம் தோன்றியதில்லை. தோன்றிய இடம்தான் விசித்திரம். இங்கிலாந்தில் ஒரு பழைய விமான தளத்தில், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்ப் பந்தயத்தில் எனக்கு எவ்வித ஈடுபாடும் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உறவுக்காரப் பையன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனான், போனேன்.

பெட்ஃபோர்டுஷயரில் பொடிங்டன் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த இடம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து கிளம்பிப் போயின. போர் முடிந்தது, தளம் வெறிச்சோடியது. 1966 ஈஸ்டரில் அதன் ஓடுபாதையையே பந்தயப் பாதையாக்கி, ஸாண்டா பாட் என்று பெயர் வைத்துத் திறந்தார்கள். 'டிராக் ரேஸ்' என்னும் பந்தயத்துக்கென்றே ஐரோப்பாவில் நிரந்தரமாக ஏற்பட்ட முதல் இடம் அதுதான்.

இந்தப் பந்தயத்தில் வளைவு இல்லை, திருப்பம் இல்லை. இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்கு எரிந்ததும் பாய வேண்டும். கால் மைல், அதாவது 1320 அடி. நம்மூர்ப் பெரியவர் ஒருவர் பொடி மட்டையைப் பிரித்துச் சிட்டிகை எடுத்து மூக்கருகே கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதற்காகவா இத்தனை ஜனங்கள் கூடியிருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டிகளின் அருகே போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்று பழைய வண்டிகளின் முறை. நீண்ட இரும்புக் குழாய்ச் சட்டம். முன்னால் சைக்கிள் சக்கரம் போல மெலிந்த இரண்டு சக்கரங்கள். பின்னால் யானைக் கால் போலப் பருத்த இரண்டு. ஓட்டுகிறவர் பின் அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்து, எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டாற்போல் கால்களை நீட்டிக்கொள்ள வேண்டும். கவணில் வைத்த கல்லைப் போல இருப்பதால் அதற்குக் 'கவண்' என்றே ஆங்கிலத்தில் பெயர். ஏதாவது வெடித்தால் அவர் மேலேதான் வெடிக்கும். 1970-ல் அமெரிக்காவில் டான் கார்லிட்ஸ் என்ற பெரிய பந்தயக்காரருக்கு அப்படித்தான் நடந்தது. கியர் பாகம் சிதறி, வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. அதன் பிறகுதான் அவர் எஞ்சினை முதுகுப் பக்கம் தள்ளி வைத்து வண்டி செய்தார்; உலகமும் மெல்ல அவர் வழிக்கு வந்தது.

இங்கிலாந்தில் இந்தப் பைத்தியத்தைத் தொடங்கி வைத்தவர் ஸிட்னி அல்லார்டு. கார் உற்பத்தி செய்தவர். தாம் செய்த காரிலேயே 1952-ல் மாண்டி கார்லோ ராலியை வென்றவர். அந்தத் தொழில் தேய்ந்துபோன பின், 1961-ல், ஐம்பது வயதைக் கடந்த மனிதர் கிரைஸ்லர் எஞ்சின் ஒன்றைக் கொண்டு கால் மைல் ஓட ஒரு வண்டி கட்டினார். 1964-ல் அமெரிக்கப் பந்தயக்காரர்களை வரவழைத்து விமான தளங்களில் ஓட்டிக் காட்டச் செய்ததிலும் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஸாண்டா பாட் திறந்த அதே 1966 ஏப்ரலில், 12-ஆம் தேதி இரவு, அவர் காலமானார். அதே இரவில் அவருடைய தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. நாவலில் நான் இப்படி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அல்லார்டுக்காவது பட்டறை இருந்தது. அவரைப் பார்த்துக் கிளம்பியவர்களுக்கு வீட்டுக் கொட்டகையும் காயலான் கடையும்தான் துணை. நம் ஊரில் 'அமெச்சூர்' என்றால் ஆபீஸ் விட்டு வந்து அரிதாரம் பூசிக்கொள்ளும் நாடகக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். இவர்களும் அந்த ஜாதிதான். டோனி டென்ஷாம் என்பவரும் ஹாரி வொரல் என்பவரும் சேர்ந்து ஒரு வண்டி செய்து, இருவர் பெயரையும் ஒட்டவைத்து 'வொர்டன்' என்று அழைத்தார்கள். டென்ஷாமின் அடுத்த வண்டிக்குக் 'கம்யூட்டர்' என்று பெயர். தினமும் ரயிலைப் பிடித்து வேலைக்குப் போய்த் திரும்பும் ஆசாமி என்று பொருள்! 1927-ல் மால்கம் காம்பெல் விமான எஞ்சின் பூட்டிய காரில் பெண்டைன் கடற்கரையில் ஏற்படுத்திய சாதனை 43 ஆண்டுகள் நின்றது. 1970-ல் எல்விங்டன் விமான தளத்தில் மணிக்கு 207.6 மைல் வேகத்தில் அதை முறியடித்தது இந்த 'ரயில் ஆசாமி'தான்.

அன்று என்னைப் பிடித்து நிறுத்தியவர் இப்படிப் பெயர் வாங்கியவர் அல்ல. எழுபது தாண்டிய மனிதர். ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஏதோ மீட்டர் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். யாரோ பாதியில் கைவிட்ட சட்டத்தை வாங்கி, காயலான் கடையில் கிடந்த ஜாகுவார் எஞ்சினை அதில் ஏற்றியிருந்தார். ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டினார். இரண்டு குழாய்கள் கூடுமிடம். ஓட்டுகிறவர் உட்கார்ந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. அந்த வெல்டிங்கைப் பரிசோதகர் சரி என்று ஒப்பிவிட்டாராம். இவருக்கு மனசு ஒப்பவில்லை. அறுத்துவிட்டு மறுபடி செய்தார். அதுவும் பிடிக்காமல் மூன்றாவது தடவையும் செய்தார்.

"இதற்கெல்லாம் எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டேன்.

பதில் அவரிடமிருந்து வரவில்லை. மடக்கு நாற்காலியில், மடியில் பிஸ்கோத்து டப்பாவுடன் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சொன்னாள்: "ஆறு குளிர்காலம்."

பெரியவர் எஞ்சினைக் கவனிக்கப் போய்விட்டார். அந்த அம்மாள் சாவகாசமாகப் பேசினாள். "நல்ல மனுஷர். குடியில்லை, சூதாட்டமில்லை. எங்கே இருக்கிறார் என்று நான் ஒரு நாளும் தேடினதில்லை. வீட்டிலிருந்து இருபது கஜ தூரத்தில்தான் இருந்தார். கொட்டகையில் விளக்கு எரிவது சமையலறை ஜன்னலில் தெரியும். குழந்தைகள் அந்த விளக்குக்குத்தான் 'குட்நைட்' சொல்லிவிட்டுத் தூங்கும்."

அவள் குறை சொல்லவில்லை. ஒரு கணக்கைப் படித்துக் காட்டுவது போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குத் தைத்தது.

குடிப்பதைவிட இது மேல் என்று ஒரு சமாதானம் உண்டு. குடிகாரனைப் பக்கத்தில் நிறுத்திப் பெறும் விடுதலை என்ன விடுதலை? யாருக்கும் தீங்கில்லை என்பதும் நிற்காது. ஆறு குளிர்காலத்து மாலை நேரங்கள் ஒரு வீட்டிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த மூன்றாவது வெல்டிங்கையும் என்னால் மறக்க முடியவில்லை. முப்பது வருஷம் அவர் பார்த்த வேலையில், இன்னொரு தடவை செய் என்று அவர் மனசு ஒரு நாளாவது அவருக்கு உத்தரவிட்டிருக்குமா? கூலியில்லாமல், சாட்சியில்லாமல் ஒருவன் தன் வேலைக்குத் தானே பொறுப்பேற்கிறான் என்றால், அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு நா எழவில்லை. பெற்றது உயர்ந்ததுதான். விலையை மட்டும் வேறொருத்தி கொடுத்திருக்கிறாள்.

என் கதையும் எனக்கு நினைவு வந்தது. என் முதல் நாவலைக் கூடத்து மேஜையில் இரவு இரவாக எழுதினேன். "அப்பா எழுதறார், சத்தம் போடாதே" என்று என் மனைவி குழந்தைகளை அடக்கும் குரல் என் காதில் விழும், சௌகரியமாகத்தான் இருந்தது. பிற்பாடு ஒரு கூட்டத்தில் அதை இலக்கியத் தொண்டு என்று சொல்லி மாலை போட்டார்கள். அவள் எட்டாவது வரிசையிலோ ஒன்பதாவது வரிசையிலோ உட்கார்ந்திருந்தாள். தொண்டு என்ற சொல் என் கடனை மூடிவிட்டது. கால் மைல் ஓடுகிற மனிதருக்கு அப்படி மூடிக்கொள்ள ஒரு வார்த்தை இல்லை. சமூகத்துக்கு, கலைக்கு, நாட்டுக்கு என்று அவரால் எதைச் சொல்ல முடியும்? அவர் கடன் நாற்காலி போட்டுக்கொண்டு பட்டவர்த்தனமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அவர் முறை வந்தது. பூமி அதிர்ந்தது, ரப்பர் கருகிய புகை எழுந்தது, முடிந்தது. பாதையோரக் குடிசையில் கொடுத்த நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, மனைவியிடம் நீட்டினார். அவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். பிஸ்கோத்து டப்பாவைத் திறந்தாள். உள்ளே பிஸ்கோத்து இல்லை. கட்டுக் கட்டாகச் சீட்டுகள். மேலே இருந்தவை அச்சடித்தவை, அடியில் கிடந்த பழுப்பேறியவை பேனாவால் எழுதியவை.

"போன தடவையைவிட அதிகம்" என்றாள்.

"ஆமாம்."

"கிளட்சா?"

"கிளட்சுதான்."

அவள் சீட்டை டப்பாவில் வைத்து மூடிவிட்டு, பிளாஸ்கைத் திறந்து அவருக்கு டீ ஊற்றினாள்.