புகையிலை டப்பாவில் அட்சதை

சென்ற தசலட்சண நாட்களுள் ஒரு மாலை, திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதர் ஆலயத்தில் தரிசனம் முடித்துச் சங்கீத மண்டபத்தில் சற்று அமர்ந்திருந்தோம். 1387-இல் இருகப்பர் எழுப்பிய மண்டபம் அது. விதானத்து ஓவியங்களை அண்ணாந்து பார்ப்பது இந்த வயதில் கழுத்துக்கு ஆகாது எனினும், பார்க்காமல் எழுந்துவர மனம் இசைவதில்லை. அப்போது நமக்குப் பழக்கமான குடும்பத்து மருமகள் ஒருத்தி அருகில் வந்தமர்ந்து, தயங்கித் தயங்கி ஓர் ஐயத்தைக் கேட்டாள்.

“டீச்சரம்மா, அட்சதையை ஒரு பழைய தகர டப்பாவில் போட்டுப் பூசை அலமாரியில் வைத்திருந்தேன். அது புகையிலை டப்பா என்று அத்தை கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று முதல் வீட்டில் முகம் கொடுத்துப் பேச்சில்லை. டப்பாவுக்குமா பாவம் ஒட்டும்?”

அக்கேள்வி நம்மைச் சுட்டது. அந்த டப்பாவை அவளுக்குக் கொடுத்தவர் நாமே. அவள் திருமணமாகி வந்த புதிதில், பொத்தான்களும் ஊசியும் போட்டு வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்தோம். யோசித்துச் சொல்வதாகக் கூறி அன்று விடைபெற்றோம். யோசிக்க யோசிக்க, டப்பாவைப் பற்றிய கேள்வி நம்மைப் பற்றிய கேள்வியாக மாறிவிட்டது. ஆதலின் இதனை இங்கே எழுத முற்பட்டோம்.

நாம் பிறந்து வளர்ந்தது கூரம். அவ்வூரில் அந்நாளில் நமது குடும்பம் ஒன்றே சமணக் குடும்பம். தந்தையார் தொடக்கப்பள்ளி ஆசிரியர். எதிர்வீட்டில், சென்னையில் ஏதோ கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஊரில் பீடியும் சுருட்டும் பொடியும் அறியாதார் இல்லை. ஆனால் சுங்கான் பிடித்தவர் அவர் ஒருவரே. ‘பைப்புத் தாத்தா’ என்பதே அவர் பெயராயிற்று. அவருக்குரிய புகையிலை சென்னையிலிருந்து வட்டமான தகர டப்பாவில் வரும். மூடியில் உயிர்காப்பு வளையத்தின் நடுவே தாடி வைத்த மாலுமி ஒருவரின் முகம் அச்சிடப்பட்டிருக்கும். ‘பிளேயர்ஸ்’ என்னும் அந்த எழுத்துகளைத்தான் நாம் முதன்முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த ஆங்கிலச் சொல்லாகக் கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியைக்கு இது பெருமை தரும் செய்தியன்று!

காலியான டப்பாவைத் தாத்தா தெருப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். அன்றைய வீடுகளில் அழுத்தமான மூடியுள்ள சிறு பாத்திரம் எளிதில் கிடைக்கும் பொருளன்று. ஞெகிழி டப்பாக்கள் கடைக்கு வராத காலம். நம் தாயார் அந்த டப்பாவை வாங்கியதும் சாம்பலிட்டுத் துலக்கி, வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, நான்கு நாள் வெயிலில் காயவைப்பார். வாடை முழுதும் போனபின்புதான் அது சமையலறையின் வாசற்படியைத் தாண்டும். ஒன்றில் கடுகு, ஒன்றில் மிளகு. மூடி இறுக மூடுவதால் வண்டும் எறும்பும் உள்ளே புகா. புகாதனவற்றை வெளியே எடுத்துப் போடவும் வேண்டா, தெரியாமல் அரைக்கவும் வேண்டா. மாவை மழைக்காலத்தில் 3 நாளுக்கு மேலும் கோடையில் 5 நாளுக்கு மேலும் வைக்கலாகாது என்று நாள் எண்ணும் நம் வீடுகளில், இந்த மூடி எத்துணைப் பெரிய உதவி என்பதை வாசகர் அறிவர்.

அடுத்த தெருத் தறிக்காரர் வீட்டிலும் அந்த டப்பா உண்டு. சூரத்திலிருந்து வரும் சரிகைக்கு ஈரக்காற்று பகை, பட்டால் கறுக்கும். நெசவில் அறுந்து மிஞ்சும் சரிகைத் துண்டுகளை அவர் மனைவி ஒன்றுவிடாமல் பொறுக்கி அதில் சேர்த்து வைப்பார். உருக்கி வெள்ளி எடுப்பவர் வரும்போது அது காசாகும். புகையிலை இருந்த இடத்தில் வெள்ளி!

இவ்வளவும் நல்ல செய்தி. இனிச் சொல்லப்போவது அத்துணை நல்லதன்று.

1961-இல் நமக்கு வயது பதினொன்று. தாத்தாவின் அடுத்த டப்பா நமக்கே என்று அவரிடம் வாக்கு வாங்கியிருந்தோம். பள்ளி விட்டதும் அவர் திண்ணைக்குப் போவோம். ஏதோ பாடத்தில் ஐயம் கேட்பதுபோல் நின்றுகொண்டு, டப்பாவில் எவ்வளவு மீதி என்று எட்டிப் பார்ப்போம். அவர் ஒருமுறைக்கு இருமுறையாகச் சுங்கானை நிரப்பிய நாளில் நமக்கு உள்ளூர மகிழ்ச்சி. காய்ச்சலில் படுத்து நான்கு நாள் புகைக்காதிருந்தபோது, ‘இப்படியே போனால் டப்பா எப்போது காலியாகும்’ என்று நினைத்தோம். ஆம், அப்படியேதான் நினைத்தோம்.

ஒருநாள் திண்ணையிலிருந்து திரும்பியவுடன் தாயார் கேட்டார்: “ஏம்மா, அந்தத் தாத்தா இருமுவது உன் காதில் விழவே இல்லையா?”

அடிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அதன்பின் ஒரு மாதம் எதிர்வீட்டுப் பக்கமே போகவில்லை. தாத்தாவே ஒருநாள் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்து, “குழந்தை ஏன் வருவதே இல்லை?” என்றார். தாயார் முன்னிலையில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அன்றோடு அவர் புகைப்பதை விட்டார் என்று எழுதினால் கதை அழகு பெறும். அவர் விடவில்லை. இரண்டு ஆண்டு கழித்து மூச்சிரைப்பு மிகுந்து காலமானார். அன்று அவர் கொண்டுவந்து கொடுத்த டப்பாவே, மருமகளின் பூசை அலமாரிவரை சென்ற டப்பா.

நம் ஆசாரியர்கள் புகையிலையைப் பெயர் சொல்லி விலக்கியதாகப் பழைய நூல்களில் காண இயலாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியரின் கப்பல் வழியாக நம் நாட்டுக்கு வந்தது. ஆனால் காஞ்சியோடு தொடர்புபடுத்திப் போற்றப்படும் சமந்தபத்திராசாரியாரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் ‘அனர்த்த தண்டம்’ என்னும் பகுதி உண்டு. பயனின்றிச் செய்யும் தீங்கு என்பது அதன் பொருள். அதன் ஐந்து வகைகளுள் இரண்டு இங்கே நமக்கு வேண்டியவை.

ஒன்று பிரமாதசரியை. வேலையில்லாமல் மண்ணைத் தோண்டுதல், நீரைக் கொட்டுதல், தீ மூட்டுதல், செடி கொடிகளை முறித்தல் போன்றவை. ஒரு தகர டப்பாவை எண்ணிப் பாருங்கள். இரும்புக் கனிமத்தை வெட்டி, நிலக்கரியில் உருக்கி, தகடாக்கி, துருப்பிடிக்காதிருக்க அதன்மேல் வெள்ளீயம் பூசுகிறார்கள். மண்ணுயிரும் நீருயிரும் தீயுயிரும் எத்தனை வருந்தினவோ! அந்தத் தீங்கு நடந்து முடிந்தது. ஒருமுறை பயன்படுத்திக் குப்பையில் எறிந்துவிட்டு வேறொரு பாத்திரம் வாங்கினால், அதே தீங்கை மீண்டும் ஒருமுறை செய்யச் சொல்லி நாம் ஆள் அனுப்பியதாகும். ஆகவே டப்பாவைத் துலக்கிக் கடுகு போட்ட தாயாரின் செயல் விரதத்துக்கு இசைந்ததே.

மற்றொன்று அபத்யானம். பிறர்க்குத் தீங்கு வருவதை மனத்தில் எண்ணிக்கொண்டிருத்தல். வெறுப்பினால் மட்டுமன்று, விருப்பினாலும் அது நேரும் என்பதை ஆசாரியர் விடாமல் குறித்திருக்கிறார். தாத்தாவை நாம் வெறுத்ததே இல்லை. டப்பாவை விரும்பினோம், அவ்வளவே. அந்த விருப்பம் அவருடைய நெஞ்சுக்கூட்டின் வழியாக அல்லாமல் நிறைவேற வேறு பாதை இல்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம். உடன்படுதல் என்பது ஒரு காலி டப்பாவுக்காகத் திண்ணையில் காத்து நிற்பதாகவும் இருக்கும் என்று அப்போது எவரும் விளக்கவில்லை.

செய்விக்கும் குற்றமும் பிற்காலத்தில் நம்மை விடவில்லை. ஆசிரியர் பயிற்சியின்போது, வீணாகும் பொருள்களைக் கொண்டு கற்பித்தல் துணைக்கருவி செய்வது கட்டாயப் பயிற்சியாக இருந்தது. நமக்கு அது மிகவும் பிடித்த வேலை. 1970-களில் பணியேற்ற ஊர்ப்பள்ளியில், உருளையின் கன அளவைக் கற்பிப்பதற்காக, ஒவ்வொரு பிள்ளையும் மறுநாள் ஒரு காலி டப்பா கொண்டுவர வேண்டும் என்று சொன்னோம். கொண்டுவராதவர் வகுப்பில் நிற்க நேரும் என்றும் சொன்னோம். நெசவாளி வீட்டுப் பையன் ஒருவன், தந்தையின் பொடி டப்பாவைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்துக் காலிசெய்து கொண்டுவந்தான். வாங்கி இரண்டு நாள்கூட ஆகாத பொடி. அன்று மாலை அவனுக்கு விழுந்த அடியின் தடத்தை மறுநாள் முதுகில் பார்த்தோம். வீட்டுக்குப் போய் அவன் தந்தையிடம் தவறு நம்முடையது என்று சொன்னோம். “விடுங்க டீச்சர், பொடியை விடணும்னுதான் நானும் பார்க்கிறேன்” என்றார் அவர். அது நமக்கு ஆறுதலாகவில்லை.

காலிப் பொருளுக்கு ஒரு பயனைக் கண்டுபிடித்தவுடன், அதனைக் காலியாக்கும் அவசரமும் உடன்பிறந்துவிடுகிறது. பர்மாவில் குறுகிய பால் டப்பாவே அரிசி அளக்கும் அளவு; 8 டப்பா ஒரு பியீ. அங்கிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் இன்றும் அந்தக் கணக்கைச் சொல்வார்கள். அந்த அளவு ஊரெங்கும் நிலைத்தபின் யாரும் டப்பாவுக்காகப் பால் வாங்கவில்லை. தானாக மிஞ்சியது, எடுத்துக்கொண்டார்கள். பையனின் டப்பா அப்படியன்று, கேட்டுக் காலியாக்கப்பட்டது. நமது டப்பா இரண்டுக்கும் இடைப்பட்டது. கேட்கவில்லை, காத்திருந்தோம்.

காஞ்சிபுரத்துக்காரர் இதைப் பேசும்போது பட்டைப் பற்றிப் பேசாமலிருக்க முடியாது. புகையிலையை உண்பவன் உண்டபின் கூடு மிஞ்சுகிறது. பட்டிலோ கூட்டுக்காக உள்ளிருக்கும் உயிரைக் கொதிநீரில் இடுகிறோம். புழு அந்துப்பூச்சியாகி வெளியேறியபின் எஞ்சும் கூட்டிலிருந்து நூற்கும் முறையை ஆந்திரத்துக் குசுமராஜய்யா 1990-களில் முயன்று காட்டினார். அந்நூல் அறுபட்டது, வழவழப்புக் குறைவு, விலையும் அதிகம். காலியான கூட்டுக்குக் காத்திருக்கச் சந்தைக்குப் பொறுமை இல்லை. புகையிலை டப்பாவைக் கண்டு முகம் சுளிக்கும் நாம் எந்தப் புடவை உடுத்திக்கொண்டு சுளிக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நம்மிடமும் திருமணப் புடவை ஒன்று பெட்டியில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனோம். மாமியாரும் மருமகளும் இருக்கும்போதே பேசினோம். டப்பா புத்கலம்; உயிரற்ற பொருள். வினை பிணிப்பது உயிரின் எண்ணத்தால். தகரத்தைப் பற்றிக்கொண்டு தொடர்வதன்று. ‘தீட்டு’ என்று அதனை ஒதுக்குவது நம் நெறியின் வழக்கும் அன்று. டப்பாவைப் பற்றிய குற்றம் ஏதேனும் உண்டென்றால் அது இதோ உட்கார்ந்திருக்கும் கிழவியுடையது என்று சொல்லி, திண்ணைக் கதையை முழுவதும் சொன்னோம். மருமகளின் கண் கலங்கியது.

மாமியார் எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்கள் சொல்வது சரிதான் டீச்சர். ஆனால் பகவானைக் கும்பிடும்போதெல்லாம் அந்தத் தாடிக்காரன் முகமல்லவா எதிரே நிற்கிறது!” என்றார்.

இதை நாம் நினைத்துப் பார்க்கவில்லை என்பதே உண்மை. அந்த முகம் விளம்பரம். புகையிலை விளம்பரங்களை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்துவிட்டது. 2009 முதல் உறைகளின்மீது நோயின் படத்தை அச்சிட வேண்டும் என்றும் ஆயிற்று. ஆனால் நம் டப்பா அறுபது ஆண்டாக, கடுகோடும் பொத்தானோடும் அட்சதையோடும், யாரும் காசு கொடுக்காமலே அந்த விளம்பரத்தைச் செய்துகொண்டிருக்கிறது. அம்மையார் படிக்காதவர், ஆசிரியைக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது. அட்சதை ஒரு பித்தளைச் சம்புடத்துக்கு மாறியது. டப்பா நம்மோடு திரும்பி வந்தது.

வந்ததை வைக்க இடம் தேடிப் பரணைத் திறந்தபோது வேறொரு வெட்கம். ஹார்லிக்ஸ் புட்டிகள், பிஸ்கட் தகரங்கள், மருந்துப் புட்டிகள் என முப்பத்தொன்று எண்ணினோம். எல்லாம் ‘நாளைக்கு உதவும்’ என்று எடுத்து வைத்தவை. மிகுபொருள் விரும்பாமையைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்ன கை எடுத்து வைத்தவை. பொன்னுக்கும் நிலத்துக்கும் அளவு வகுத்துக்கொண்டோம். காலிப் புட்டிக்கு அளவு வகுக்கத் தோன்றவில்லை, அது பொருள் என்றே எண்ணாததால். ஒருபுறம் பார்த்தால், பல்லவப் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடுகளை ஒருவரும் உருக்கிச் சொம்பாக்காமல் வைத்திருந்ததால்தான் நம் ஊர் வரலாற்றில் இடம்பெற்றது என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். ஹார்லிக்ஸ் புட்டிக்கு அது பொருந்துமா என்பது வேறு.

விடுமுறைக்கு வந்திருந்த பேரன், மாலுமி டப்பாவைப் பார்த்தவுடன் தன் கோலிக் குண்டுகளுக்கு வேண்டும் என்றான். தாடிக்காரர் முகத்தின்மேல் காகிதம் ஒட்டித் தருவதாகச் சொன்னோம். “இதே மாதிரி இன்னொன்று கிடைக்குமா பாட்டி?” என்று கேட்டான். எதற்கு என்றோம். தம்பிக்கு என்றான். பசையை எடுத்துவரச் சொல்லிவிட்டு, பரணிலிருந்த பிஸ்கட் தகரங்களுள் நல்லதாக ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.