சுண்டெலிக்குப் பட்ட கடன்

நம் வீடுகளில் சுண்டெலிக்கு மதிப்பில்லை. அரிசிப் பானையின் மூடி சற்றே விலகியிருந்தால் போதும், அன்றிரவே பொறி வைத்துவிடுகிறோம். காலையில் அகப்பட்டதை அப்புறப்படுத்திவிட்டு அதை மறந்தும்விடுகிறோம். ஆயினும், நம் குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லும் நாளில், அவர் எழுதித் தரும் மருந்துக்குப் பின்னே எண்ணற்ற சுண்டெலிகளின் உயிர் நிற்கிறது என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

அவ்வுயிர்களை எடுப்பது நியாயந்தானா? நியாயமெனில், எடுக்கும் கைகளுக்கு எத்தகைய பயிற்சி வேண்டும்? முதல் வினா அறவோருக்கு உரியது, இரண்டாவது ஆய்வுக்கூடத்துக்கு உரியது என்று இவற்றைப் பிரித்துக் காண்பது உலக வழக்கம். இரண்டும் ஒரே வினாவின் இரு பக்கங்கள் என்பதே நம் கருத்து.

இந்த ஆய்வின் வரலாறே ஒரு மாணவரிடமிருந்து தொடங்குகிறது. 1909-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த கிளாரன்ஸ் குக் லிட்டில், உடன்பிறந்த சுண்டெலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைத்து வளர்க்கத் தொடங்கினார். இவ்வாறு இருபது தலைமுறைகள் கடந்தால், ஓர் எலிக்கும் மற்றோர் எலிக்கும் மரபில் வேற்றுமை இல்லாத அளவுக்கு அவை ஒத்துவிடும். அதன்பின் ஒன்றுக்கு மருந்து கொடுத்து மற்றொன்றுக்குக் கொடுக்காமல் விட்டால், விளையும் வேறுபாடு மருந்தினால் வந்ததா, பிறப்பினால் வந்ததா என்ற ஐயம் பெரிதும் நீங்கும். அவரே 1929-இல் மேய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் ஜாக்சன் ஆய்வகத்தை நிறுவினார். 1947 அக்டோபரில் மூண்ட காட்டுத்தீயில் அவ்வாய்வகமும் அங்கிருந்த எலிகளுள் மிகப் பெரும்பாலானவையும் அழிந்தன. முன்பு அங்கிருந்து எலிகளைப் பெற்றிருந்த ஆய்வாளர்கள் அவற்றின் வழித்தோன்றல்களைத் திருப்பி அனுப்பி உதவ, ஆய்வகம் மீண்டும் எழுந்தது.

கோடை விடுமுறையில் பள்ளி, கல்லூரி மாணவர்களை அழைத்து ஆராய்ச்சி பழக்குவது அவ்வாய்வகத்தின் வழக்கம். 1955-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கு சென்ற பள்ளி மாணவர் டேவிட் பால்டிமோர். அங்கே மாணவர்களுக்கு மூத்தவராக இருந்தவர் ஹோவர்ட் டெமின். புற்றுநோயை உண்டாக்கும் வைரசுகள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக, இவ்விருவரும் ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் 1975-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இளம் வயதில் கிடைக்கும் பயிற்சி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அப்பயிற்சியில் முதலில் கற்பிக்க வேண்டியது யாது? எலியைக் கையில் எடுக்கும் முறைதான். வாலைப் பிடித்துத் தூக்குவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ, குவித்த உள்ளங்கையில் ஏந்தியோ எடுத்தால் எலியின் அச்சம் வெகுவாகக் குறைகிறது என்று இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினர். அதே ஆண்டில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார், வலியால் துன்புறும் எலியின் முகத்தை எவ்வாறு படிப்பது என்று வகுத்தளித்தனர். கண்கள் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காதும் மீசை மயிரும் நிலை மாறும். பகைவிலங்குகளுக்கு அஞ்சி வாழும் இச்சிற்றுயிர் தன் வேதனையை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. எனவே, பார்க்கப் பழகாத கண்ணுக்கு அது வலியின்றி இருப்பதாகவே தோன்றும். இரக்கம் நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது, கண்ணுக்கும் கைக்கும் அது கற்பிக்கப்பட வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

இங்கிலாந்து அறிஞர்களான வில்லியம் ரசலும் ரெக்ஸ் பர்ச்சும் 1959-இல் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கின்றி ஆய்வு செய்ய இயலுமாயின் அவ்வழியையே நாடுக. இயலாதெனில் எண்ணிக்கையைக் குறைத்திடுக. எஞ்சிய ஆய்வில் வேதனையைத் தணித்திடுக. இவை இன்று பல நாடுகளில் ஆய்வாளர் பயிற்சியின் அடிப்படையாகியுள்ளன.

இவற்றுள் இரண்டாவது நெறியில் ஒரு நுட்பம் உண்டு. குறைவான எலிகளைக் கொல்வதே கருணை என்று இளைஞர் ஒருவர் எண்ணக்கூடும். உண்மையை அறியப் பத்து எலிகள் தேவைப்படும் இடத்தில் நான்கை மட்டும் அவர் பயன்படுத்தினால், கிடைக்கும் முடிவு எதையும் சொல்லாது. அந்த நான்கு உயிர்களும் வீணாகும். இருபதைப் பயன்படுத்தினாலோ பத்து வீணாகும். ஆகவே, கணக்குப் பிழையும் இங்கே அறப்பிழையாகிறது. எந்த எலி மருந்து பெற்றது என்பதை அறியாமலே கட்டியின் அளவைக் குறிக்க வேண்டும் என்று மாணவருக்குக் கற்பிப்பதும் இதுபற்றியே. விருப்பம் கண்ணை மயக்கும் அன்றோ! தோல்வியுற்ற சோதனையை மறைத்தால், வேறோர் ஊரில் வேறொருவர் அதையே மீண்டும் செய்து, அதே எண்ணிக்கையில் உயிர்களை அழிப்பார். பொய் சொல்லும் ஆய்வாளர் மனிதருக்கு மட்டுமின்றி, தம் கையில் உயிர் நீத்த சுண்டெலிக்கும் அநீதி இழைக்கிறார்.

“கண்ணாடிக் குப்பியில் உயிரணுக்களை வளர்த்துப் பார்த்தால் ஆகாதா?” என்று சிலர் கேட்பர். ஆகுமிடத்தில் அவ்வாறே செய்தல் வேண்டும். ஆனால், ஜேம்ஸ் ஆலிசனும் அவருடன் பணியாற்றியோரும் 1996-இல் கண்ட உண்மையைக் குப்பி காட்டியிராது. அவர்கள் கட்டியைத் தாக்கவில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களைப் பிணித்திருந்த தடையை நீக்கினர். விடுபட்ட அணுக்கள் எலிகளின் கட்டியைத் தாமே அழித்தன. அவ்வழியில் பிறந்த மருந்து, மெலனோமா எனும் கொடிய தோல் புற்றுநோய்க்கு 2011-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2018-இல் ஆலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்சோவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மறுப்பாளர் கூற்றிலும் உண்மை உண்டு. எலியைக் குணப்படுத்திய மருந்துகளுள் பெரும்பாலானவை மனிதரிடம் பயனற்றுப் போகின்றன. எலியின் உடலில் சில வாரங்களில் வளரும் கட்டி, மனிதரிடம் பல்லாண்டுகள் மறைந்து வளரும் கட்டிக்கு முற்றிலும் ஒப்பாகாது. மேலும், மனிதக் கட்டியை எலியின் உடலில் வளர்க்க, எதிர்ப்பாற்றல் இழந்த எலியையே தேர்ந்தெடுக்கின்றனர். நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்தை அத்தகைய எலியிடம் சோதிப்பவர் எதை அறிவார்? வினாவுக்கு ஏற்ற எலி எது என்று தேர்ந்தறியாத மாணவர், ஊசியை எடுக்குமுன்பே பிழை செய்துவிடுகிறார்.

குர்பானிக்கு முன் கத்தியை நன்கு தீட்டிக்கொள்ளும் ஒழுங்கை நாம் அறிவோம். அறுக்கப்படும் பிராணிக்கு வேதனை குறைய வேண்டும் என்பதற்காக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்பித்த ஒழுங்கு அது. மழுங்கிய கத்தியைப் பிடித்தவர் எவ்வளவு இளகிய நெஞ்சினராக இருப்பினும் அப்பிராணிக்கு என்ன பயன்? ஆய்வாளரின் திறமையும் அத்தகைய தீட்டிய கத்தியே. திறமையற்ற இரக்கம் துன்பத்தை நீட்டிக்கும். இரக்கமற்ற திறமை உயிரை வெறும் பொருளாக்கும்.

ஆனால், நாள்தோறும் செய்யும் செயலுக்குக் கை பழகிவிடும்; கை பழகியபின் நெஞ்சும் மரத்துப்போகும். முதல் எலியைக் கொல்லுகையில் நடுங்கிய மாணவர் நூறாவதைக் கொல்லுகையில் நடுங்குவதில்லை. கை நடுங்காதிருப்பது நன்றே. எனினும், ‘இந்த உயிர் தேவைதானா?’ என்று நூறாவது முறையும் அவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர் கொடுக்கும் பயிற்சி இக்கேள்வியை உயிர்ப்புடன் வைத்திருக்குமாயின், நோயுற்ற ஒரு தாயைக் காக்கும் பொருட்டு இவ்வுயிரை எடுப்பது தகும் என்றே நாம் கருதுகிறோம். அக்கேள்வி அவிந்த ஆய்வுக்கூடத்துக்கு அந்த உரிமையும் இல்லை.

நம் பிள்ளைகளுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்குச் செல்வர். கூண்டைத் திறந்து, குவித்த கையில் ஒரு சிற்றுயிரை ஏந்தும்போது, அது தமக்குக் கடன் கொடுக்கும் உயிர் என்று அவர்கள் எண்ணட்டும். அக்கடனை அதனிடம் திருப்பிச் செலுத்த வழியில்லை. பிழையற்ற வேலையாலும் பொய்யற்ற முடிவாலும் நோயாளிகளிடம்தான் அதைச் செலுத்தியாக வேண்டும்.