அயல்நாட்டுத் தேர்தலும் நம் பத்திரிகைகளும்

ஒரு செய்தியின் ஒவ்வொரு வாக்கியமும் மெய்யாயிருந்தும் அச்செய்தி பொய்யாதல் கூடுமோ? கூடும் என்பதே நம் கருத்து. பொய்யுரை தவிர்த்தல் நம் சீலங்களுள் ஒன்றாதலின், இவ்வினா எழுதுவோரை மட்டுமன்றிப் படிப்போராகிய நம்மையும் சாரும்.

2024 செப்டம்பர் 21ஆம் நாள் இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. வெல்பவர் இந்தியாவின் பக்கமா, சீனாவின் பக்கமா என்பதே இந்திய ஏடுகள் பலவற்றின் தலையாய வினாவாயிற்று. அவ்வினா குற்றமன்று, திருகோணமலையும் அம்பாந்தோட்டையும் வரைபடத்தில் உள்ளவரை தில்லி அதைக் கேட்கவே செய்யும். தமிழேடுகளோ இனக்கணக்கையே பெரிதும் பார்த்தன. இரண்டிலும் பொய்யான வரி இருந்ததென்று நாம் சொல்லவில்லை.

ஆயினும், வென்ற அநுர குமார திசாநாயக்க 2019இல் பெற்ற வாக்கு நூற்றுக்கு 3 அளவே. 2024இல் முதல் எண்ணிக்கையிலேயே 42ஐக் கடந்தது. இவ்வைந்தாண்டுகளில் சிங்களவர் சிங்களவராகவே இருந்தனர். சீனாவும் இருந்த இடத்திலேயே இருந்தது. பின் மாறியது யாது? 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்று சோர்ந்தனர். ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டே அகன்றார். அன்று முதற்பக்கத்திலிருந்த ஏழையின் அடுப்பு, தேர்தல் செய்தியில் பின்பக்கம் போயிற்று.

இடக்கொச்சியிலிருந்து எழுதும் நமக்கு இது புதிதன்று. 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சி 126 இடங்களில் 60 பெற்று, சுயேச்சைகளின் துணையோடு ஆட்சியமைத்தபோது, மேலைநாட்டு ஏடுகள் பல அதில் மாஸ்கோவின் நிழலையே கண்டன. குடியானவனை நிலத்திலிருந்து வெளியேற்றலாகாது என்று அவ்வாட்சி ஏப்ரலிலேயே பிறப்பித்த அவசரச் சட்டம் ஏன் வேண்டப்பட்டது என்பதை இங்குள்ள குடிகிடப்புக்காரன் அறிந்திருந்தான்.

‘சிங்கள பௌத்த வாக்கு’ என்ற தொடரைப் படிக்கையில் தமிழ்ப் பௌத்தராகிய நமக்கு ஒரு நெருடல் உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. தமிழரென்பதால் ஐயுறவும், பௌத்தரென்பதால் பரிந்து பேசவும் மனம் விழைகிறது. இரண்டும் சார்பே. கேசபுத்தத்தில் காலாமருக்குப் பகவன் அருளியது, கேள்விப்பட்டதை அப்படியே கொள்ளாதீர் என்பது மட்டுமன்று. முன்பே நாம் கொண்ட கருத்தோடு ஒத்துவருகிறது என்பதற்காகவும் ஒன்றைக் கொள்ளாதீர் என்பதும் அதில் அடக்கம். முன்னது எளிது, பின்னதிலேதான் நாம் வழுக்கி விழுகிறோம்.

அதே ஆண்டு நவம்பர் 14இல் நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. செப்டம்பரில் அநுர மிகப் பின்தங்கியிருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம், தன் 6 இடங்களில் 3ஐ அவருடைய தேசிய மக்கள் சக்திக்கு அளித்தது. டிசம்பரில் அவர் முதல் அயல்நாட்டுப் பயணமாகத் தில்லி வந்தார். அடுத்த மாதம் பீகிங் சென்றார்.