உழைச்செல்வானின் அறம்: இல்லத் தணிப்புப் பேணலில் மருந்தும் பொறுப்பும்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்து நிறைவுறுகிறது (குறள் 950). உழைச்செல்வான் என்பதற்கு, மருந்தினைப் பிழை நேராது செய்பவன் என்னும் பொருள்பட உரை காண்பார் பரிமேலழகர். தீரா நோயினரின் துயர்தணிக்கும் பேணல் இல்லங்களில் நிகழும்போது இந்நான்காம் கூற்றின் பிழைக்குப் பொறுப்பாவார் யார் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இத்துறையில் கேரளம் முன்னோடி எனலாம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி அயலார் பங்கேற்கும் வலையமைப்பாக வளர்ந்தது. 2008இல் அம்மாநில அரசு தனிக் கொள்கையே வகுத்தது. எனினும் செவிலியர் வந்து செல்லும் பொழுது சிறிது. எஞ்சிய பொழுதில் மருந்தளிப்பவர் மனைவியோ மகனோ ஆவர். விரைந்து செயற்படும் மார்பின் மாத்திரையைப் பொதுவாக நான்கு மணிக்கொருமுறை தருதல் வேண்டும். உடன் மலமிளக்கியும் தேவை. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அம்மருந்தின் விளைபொருள்கள் உடலில் தேங்கி, மிகு மயக்கம் விளைவிக்கக்கூடும். கழற்றிய ஃபெண்டனில் ஒட்டுப்பட்டையிலும் மருந்து எஞ்சியிருக்கும். அது குழந்தையின் உயிருக்கே இடராகலாம்.

பிழை மிகையால் மட்டும் நேர்வதன்று. 'அடிமையாகிவிடுவார்' என்றஞ்சி வேளை மருந்தை நிறுத்துவதும் பிழையே. அதன் விலையை நோயாளியின் உடல் வலியாகச் செலுத்துகிறது. போதைப்பொருள்கள் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. ஆயின், இல்லத்தாரின் அச்சத்தைச் சட்டத்திருத்தம் மட்டுமே போக்கிவிடாது.

கொடுத்த கையே பொறுப்பேற்க வேண்டும் என வாதிடுவோர் உளர். அறியாதவரிடம் மருந்தை மட்டும் ஒப்படைத்துவிட்டுப் பிழையை அவர்மேல் ஏற்றுதல் அறமாகாது. அறிவித்தல் முந்தியது; பொறுப்பு அதன் பிந்தியது. அளவும் வேளையும் இடரின் அறிகுறிகளும் அவர்தம் மொழியில் எழுதித் தரப்பட வேண்டும். ஐயம் எழும்போது வினவ ஒருவர் வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்கவும் எஞ்சியதைத் திருப்பித் தரவும் வழி வேண்டும்.

இறுதி வேளை மருந்துக்குப் பின் உயிர் பிரியுமாயின், 'என் கையாலேயே நேர்ந்ததோ' என்னும் எண்ணம் உழைச்செல்வாரை நெடுங்காலம் வருத்தக்கூடும். உரிய அளவே தரப்பட்டது என்பதற்கு அவர் நாளும் குறித்து வைத்த தாளே சான்றாகும்; உயிரைக் கொண்டது நோயே என அதனைக் காட்டித் தெளிவிப்பது மருத்துவரின் கடன். ஆகவே மருந்துப் பாதுகாப்பு என்பது நோயாளியின் உடலைக் காப்பதோடு, பேணுவாரின் மனச்சான்றைக் காப்பதுமாகும். நான்கு கூறும் சேர்ந்ததே மருத்துவம் எனின், நான்காம் கூற்றைத் தனித்து விடுதல் மருத்துவமாகாது.