கைக்கு ஒவ்வாத துப்பாக்கி

சிரம்பான் பட்டணத்தில் நகைக்கடை நடத்திவரும் பெரியவரொருவர், நம் குடும்பத்தோடு மூன்று தலைமுறைப் பழக்கமுடையவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நாம் வேலை பார்க்கும் தோட்டத்துக்கு வந்தார். கிராணி வீட்டு முன்வாசலில் அமர்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து முடித்தபின், "தம்பி, என்னிடமுள்ள கைத்துப்பாக்கி என் கைக்கு ஒத்து வரவில்லை. அதை விற்றுவிடலாமா, வேண்டாமா? நீங்கள் நாலெழுத்துப் படித்தவர், யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். செம்பனைக் குலைகளின் எண்ணிக்கையையும் ஆட்களின் பேர்ப் பதிவையும் எழுதிப் பழகிய நமக்குத் துப்பாக்கியின் நியாயம் என்ன தெரியும்? அடுத்த ஞாயிறு சொல்கிறோமென்று அனுப்பிவிட்டோம். அந்த ஒரு வாரம் நம் மனத்தில் ஓடியவற்றையே ஈண்டு எழுதுகிறோம்.

அவர் துப்பாக்கி வாங்கிய வரலாற்றை முதலிற் சொல்லிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் அவர் கடையில் முகமூடியணிந்த நால்வர் புகுந்து, சுத்தியலாற் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்து, இரண்டு நிமிடத்துக்குள் அகப்பட்டதை வாரிக்கொண்டு ஓடினர். அவ்விரண்டு நிமிடமும் அவர் மேசைக்கடியில் முடங்கிக் கிடந்தார். உயிருக்குச் சேதமில்லை, போன பொருளையும் ஒருவாறு ஈடுசெய்துகொண்டார். ஆனால் மேசைக்கடியிற் கிடந்ததை அவரால் மறக்கக்கூடவில்லை. பிறகு மனுச் செய்து, விசாரணைகளுக்கெல்லாம் உட்பட்டு, அனுமதி பெற்று, ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் எவருக்கும் பிறப்புரிமையன்று. மாநிலக் காவல்துறைத் தலைவர் தகுதி கண்டு அளிக்கும் அனுமதியே அது. அரிதாய்க் கிடைத்த காரணத்தால் அதனை அவர் ஒரு பட்டம்போலப் போற்றினார். ஆயுத பூசையன்று தராசுக்கும் பேரேட்டுக்கும் பக்கத்தில் அதையும் வைத்துக் குங்குமமிட்டாரென்று அவர் மனைவியார் சொல்லக் கேட்டு நாம் சிரித்ததுண்டு.

துப்பாக்கியோ அவருக்கு ஒவ்வவில்லை. பிடி தடித்தது, அவர் விரல்கள் குட்டை. விசையை எட்டுவதற்குக் கையைத் திருப்ப வேண்டும். திருப்பினாற் குறி தவறும். மேற்பாகத்தைப் பின்னுக்கிழுத்துத் தோட்டாவை ஏற்றுவதற்கு மூட்டுவாதம் கண்ட கையில் வலுவில்லை. பயிற்சிக் களத்திற் சுட்டுவிட்டு வந்தால் உதைப்பினால் இரண்டு நாள் தராசைப் பிடிக்க முடிவதில்லை. ஆகவே இதை விற்றுவிட்டுச் சிறியதாய், இலகுவாய் வேறொன்று வாங்கலாமென்பது மகனது யோசனை. மனைவியார் யோசனை ஏதும் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளை அந்த அறைக்குள் விடுவதில்லை, அவ்வளவே.

செருப்பு காலுக்கு ஒவ்வாவிட்டால் யாரிடமும் யோசனை கேளாமல் விற்றுவிடுகிறோம்; அல்லது தம்பிக்குக் கொடுத்துவிடுகிறோம். மிதிவண்டி உயரமாயிருந்தால் உயரமானவன் வாங்கிக்கொள்கிறான். அங்கெல்லாம் எழாத கேள்வி இங்கு மட்டும் ஏன் எழுகிறது? செருப்பு கடித்தால் அணிந்தவன் காலைத்தான் கடிக்கும். துப்பாக்கி அப்படியன்று. அதை வாங்குபவனும் விற்பவனும் பேரம் பேசும்போது, மூன்றாமவன் ஒருவன் அங்கே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறான். அவனை யாரும் கலந்துகொள்வதில்லை.

இதற்கு நம் காலத்து வரலாற்றில் மறக்கொணாத சான்றொன்று உண்டு. 1948ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் தில்லியிற் காந்தியடிகளைக் கொல்ல ஒரு கூட்டம் முயன்று தோற்றது. அன்று அவர்கள் கொண்டுசென்ற கைத்துப்பாக்கிகள் இரண்டும் சோதித்துப் பார்த்தபோது சரியாக வேலை செய்யவில்லையென்று பின்னர் வழக்கிற் சாட்சி சொல்லப்பட்டது. அதாவது, அந்தத் துப்பாக்கிகளும் 'ஒத்து வரவில்லை'. நல்லதொன்றைத் தேடிக் கோட்சேயும் ஆப்தேயும் குவாலியருக்குப் போயினர். 28ஆம் நாள் அவ்வூரில் இத்தாலி தேசத்து பெரெட்டா கைத்துப்பாக்கியொன்று, 606824 என்னும் எண் பொறித்தது, கைமாறி அவர்களிடம் வந்தது. 30ஆம் நாள் மாலை நடந்ததை உலகம் அறியும். அத்துப்பாக்கியை அதற்குமுன் வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் அதைக் கைவிட்டபோது என்ன நினைத்திருப்பர்? பணம் வேண்டியிருந்தது, அல்லது வேறொன்று பிடித்திருந்தது என்பதற்கு மேல் ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்கள்.

"கத்தி விற்றவனா கொலைகாரன்?" என்று கேட்பார் உண்டு. தோட்டத்திற் பிறந்தவர்களுக்கு இவ்வாதம் புதியதன்று. கள்ளுக்கடைக்காரரும் இதையே சொன்னார்: நாம் விற்காவிட்டால் இன்னொருவன் விற்பான், குடிப்பது குடிப்பவன் இஷ்டம். 1947இல் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்தபோது அவர்கள் மறுத்தது கள்ளை மட்டுமன்று, இந்த வாதத்தையுந்தான். எனினும் கள்ளையும் கத்தியையும் ஒரே தட்டில் வைத்தல் நியாயமாகாது. பால்வெட்டுக் கத்தி ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஓரிரு முறை சண்டையிற் கழுத்தையும் அறுத்தது. அதன் வேலை மரத்தில், மற்றது விபரீதம். கைத்துப்பாக்கிக்கு மரத்தில் வேலையில்லை. காட்டுப்பன்றிக்கும் அது உதவாது. அதற்கு நீண்ட துப்பாக்கி வேண்டும்.

நிற்க. குவாலியர்க் கதையைச் சொல்லிப் பெரியவரைப் பயமுறுத்துவது நேர்மையாகுமா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். நம் நாட்டில் அவர் தெருவிற் கூவி விற்கப்போவதில்லை. உரிமம் பெற்ற வணிகரிடமோ, அனுமதி பெற்றவரிடமோதான் கொடுக்க முடியும். அதற்கும் காவல்துறையின் ஒப்புதல் வேண்டும். அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு 1971ஆம் ஆண்டின் சட்டப்படி பதினான்கு ஆண்டு வரை சிறையும், ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஆகவே கள்ளக்கைக்குப் போகுமென்ற அச்சம் இங்கே பெரிதன்று.

ஆனால் அனுமதிச் சீட்டு மனத்தைச் சோதிப்பதில்லை. ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் 1996 மார்ச் 13ஆம் நாள் ஒருவன் புகுந்து, பதினாறு குழந்தைகளையும் அவர்கள் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் கொண்டுவந்த துப்பாக்கிகள் திருடியவையல்ல. முறைப்படி அனுமதி பெற்றவை. மறு ஆண்டே பிரிட்டனிற் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முற்றாகத் தடைசெய்யப்பட்டன. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்டவற்றை மக்கள் கொண்டுபோய் ஒப்படைத்தனர்; சர்க்கார் விலை கொடுத்தது. ஒப்படைத்தவர்களிற் பெரும்பாலோர் ஈயைக்கூடக் கொல்லாதவர்களாயிருப்பர். தாம் செய்யாத குற்றத்துக்காகத் தம் பொருளை இழப்பதா என்று அவர்களிற் பலர் குமுறினர். அக்குமுறலில் நியாயமில்லையென்று நாம் சொல்லத் துணியோம்.

நம் மக்களுக்கும் கைத்துப்பாக்கிக்கும் உள்ள பழைய கணக்கு வேறு. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனமானபின், அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி செய்யப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி 1949 மார்ச்சு முதல் நாள் ரவாங்குக்கு அருகில் துப்பாக்கியுடன் பிடிபட்டார். கண்டெடுத்ததைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாக அவர் தரப்பிற் கூறப்பட்டது. இந்திய சர்க்கார் அவருக்காகப் பரிந்து பேசியும் பயனில்லை. மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டனர். அதற்கு முந்திய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் நம் நெகிரி செம்பிலானின் ஜெலுபுப் பகுதியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜொகூரில் அகப்பட்ட சாம்பசிவம் என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. தோட்டாக்கள் வைத்திருந்த குற்றத்திலிருந்து விடுதலையான ஒருவரை, அத்தீர்ப்பே இல்லாததுபோல் மறு விசாரணை நடத்தித் துப்பாக்கிக் குற்றத்துக்காகத் தூக்குக்கு அனுப்பியது தவறென்று 1950இல் அம்மன்றம் தண்டனையை நீக்கியது. ஆங்கிலத்திற் படித்த பழக்கத்தால் அத்தீர்ப்பை நாம் மூலத்திலேயே வாசித்தோம். உணர்ச்சியற்ற நடை. ஓரிரு சட்ட வாக்கியங்களின் மேல் ஒரு மனிதன் கழுத்துத் தொங்கிக்கொண்டிருப்பதை அந்த நடை காட்டிக்கொள்வதேயில்லை.

அக்காலத்தில் நம் பாட்டனார் இம்மாநிலத்துத் தோட்டமொன்றிற் சின்னக் கிராணி. லயங்களைச் சுற்றி முள்வேலி. துரை இடுப்பில் எந்நேரமும் துப்பாக்கி. அந்தத் துரை ஒரு நாள் பாட்டனாரை அழைத்து, எழுதிக்கொடுத்து, ஒரு சுழல் துப்பாக்கியைக் கையில் வைத்தார். பாட்டனார் அதை மூன்று இரவு தலையணைக்கடியில் வைத்துப் படுத்தார். மூன்று இரவும் தூங்கவில்லை. நான்காம் நாள் பிரட்டு முடிந்ததும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இதை வைத்துக்கொண்டு வெளியிலிருப்பவனுக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது, எனக்கும் பயப்பட வேண்டியிருக்கிறது" என்றாராம். துரை கோழையென்று ஏசினார். இதுவரை கதை நன்றாயிருக்கிறது. நம் வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லுவதும் வழக்கம். ஆனால் சில மாதங்களுக்குப்பின் ஓர் இரவு அடுத்த வாசலில் குடியிருந்த தண்டலைச் சிலர் வந்து அழைத்துப் போயினர், அவர் திரும்பவில்லை. அந்தக் கூக்குரலைப் பாட்டனார் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். துப்பாக்கி கையில் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்போமா என்று தள்ளாத வயதிலும் தமக்குள் பேசிக்கொண்டிருந்ததைச் சிறுவனாயிருந்த நாம் கேட்டிருக்கிறோம். அவர் செய்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு இன்றும் வாய் வருவதில்லை. ஆகவே, துப்பாக்கியைக் கைவிடுவது எப்போதும் புண்ணியமென்று உபதேசிப்பாரைக் கண்டால் நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.

இனி, நம் உத்தியோகத்திலிருந்து ஒன்று சொல்லுகிறோம். தோட்டத்தில் களைக்கொல்லி வரும் பிளாஸ்டிக் கலன்கள் உறுதியானவை, மூடி இறுக்கமானவை. முற்காலத்தில் அவற்றைக் கழுவி லயத்தாருக்குக் கொடுத்துவிடுவர். அவர்கள் அவற்றில் தண்ணீர் பிடித்து வைப்பர், எண்ணெய் வைப்பர். கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் அது உபகாரமாகவே தோன்றியது. இப்போது விதி வேறு: மும்முறை கழுவி, அடியில் துளையிட்டு, அதன்பின்பே கணக்கில் எழுதி அப்புறப்படுத்த வேண்டும். துளையிட்ட கலத்துக்குக் கலமென்ற விலையில்லை. துளையிடும்போது நல்ல பொருளைக் கெடுக்கிறோமேயென்று ஆட்கள் முணுமுணுக்கின்றனர். நாமும் முதலில் முணுமுணுத்தவர்தாம். பெரியவர் கேட்டது இந்தத் துளையைப் பற்றித்தானென்று வாரத்தின் நடுவில் ஒரு நாள், பேரேட்டில் கலன்களின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருக்கும்போது, நமக்குத் தோன்றிற்று. விற்றால் சில ஆயிரம் வெள்ளி வரும். ஒப்படைத்தால் ஒன்றும் வாராது. அந்தச் சில ஆயிரத்தை இழப்பதற்கு ஒருவனைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கில்லை. வணிகரிடம் விற்பதிற் குற்றமுமில்லை.

அடுத்த ஞாயிறு நாமே சிரம்பானுக்குச் சென்றோம். கடையை மூடிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். சிந்தித்ததையெல்லாம் ஒழுங்காகச் சொல்லத் தொடங்கினோம். பாதியிலேயே அவருக்குச் சலிப்புத் தட்டியது தெரிந்தது. ஆகவே நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டோம். "மாமா, கைக்கு அளவாய், இலகுவாய் வேறொன்று அன்றைக்கே உங்களிடம் இருந்திருந்தால், மேசைக்கடியிலிருந்து எழுந்திருப்பீர்களா?"

அவர் நெடுநேரம் பேசவில்லை. "தம்பி, அந்த நாலு பேரில் ஒருவனுக்கு முகமூடி நழுவிவிட்டது. சின்னப் பையன். சுத்தியலைத் தூக்கக்கூட அவனுக்குச் சரியாய்த் தெரியவில்லை. இதை நான் போலீசிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை" என்றார். பிறகு, "எழுந்திருக்கமாட்டேன்" என்றார்.

அப்படியானால் சிறியது வாங்குவதைப் பற்றிப் பேச்சில்லையென்று ஆயிற்று. எஞ்சியது பெரியதை என்ன செய்வதென்பது. மகன் விலை விசாரித்து வைத்திருந்தான்; அந்தத் தொகையைச் சொல்லும்போது பெரியவர் குரல் சற்றுத் தயங்கத்தான் செய்தது. வியாபாரி அல்லவா? இறுதியில், "நீங்களே காவல்துறைத் தலைவருக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்; அனுமதிச் சீட்டோடு சேர்த்து ஒப்படைத்துவிடுகிறேன்" என்றார். எழுதினோம். காரணம் என்னவென்று போடலாம் என்று கேட்டதற்கு, "கைக்கு ஒத்து வரவில்லை என்று போடுங்கள். மற்றது அவர்களுக்கு எதற்கு?" என்றார். அவ்வாறே போட்டோம். கையொப்பமிடும்போது விரல் மூட்டு வலித்துப் பேனா வழுக்கியது. ஒப்பம் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. வேறு தாளில் எழுதித் தருகிறோம் என்றோம். வேண்டாமென்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.